பட்டப்படிப்போடு இந்தியும் உருதும்: காட்பாடி, சித்தூர் பக்கத்து மாணவருக்கு ஒரு வழிகாட்டி

காட்பாடியில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் சித்தூர். எதிர்ப்பக்கம் போனால் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி. இந்தச் சிறிய வட்டத்துக்குள் தமிழ், தெலுங்கு, தக்கினி உருது மூன்றும் வீட்டு மொழிகள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காக லாட்ஜ்காரரும் மருந்துக்கடைக்காரரும் நாள் முழுக்க இந்தி பேசுகிறார்கள். பி.காம். படித்துக்கொண்டோ பி.எஸ்சி. படித்துக்கொண்டோ இந்தியையும் உருதுவையும் ஒழுங்காகக் கற்க இதைவிட வசதியான இடம் தமிழர் வாழும் பகுதிகளில் குறைவு. ஆனால் இதே வசதி ஒரு பொறியும்கூட. அது என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன வீட்டிலேயே ஒரு பிள்ளை பிராத்மிக் என்ற முதல்நிலை இந்தித் தேர்வு எழுதுவதும் இங்கே புதிதல்ல. அந்த விவாதம் வேறு, விருப்பத்தோடு ஒரு மொழி படிப்பது வேறு. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

முதலில் கணக்கு

இந்தியும் உருதும் பேச்சளவில் ஒரே இலக்கணம். வினைமுற்று, வேற்றுமை உருபு, பால், எண், அன்றாடச் சொற்கள் எல்லாம் பொது. எழுத்து வேறு, உயர்நடைச் சொற்கள் வேறு. இந்தி சமஸ்கிருதத்திலிருந்து எடுக்கும் இடத்தில் உருது பாரசீகத்திலிருந்தும் அரபியிலிருந்தும் எடுக்கும். ஆகவே இரண்டையும் படிப்பது இரட்டிப்புச் சுமை ஆகாது. ஒன்றை முழுதாகப் படித்தவருக்கு மற்றது ஏறக்குறைய பாதி உழைப்பில் வரும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடலாம்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோருக்கு இந்தி கற்பிக்க 44 வாரம், 1100 வகுப்பு மணி என்று கணக்கிடுகிறது. உருதுவுக்கும் அதே கணக்கு. தமிழருக்கு இதில் தள்ளுபடி உண்டு. வினை கடைசியில் வருவது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, 'எனக்குப் பசிக்கிறது' என்பதுபோல 'முஜே பூக் லகீ ஹை' என்று நான்காம் வேற்றுமையில் சொல்வது, 'எடுத்துக்கொள்', 'கொடுத்துவிடு' என்பவற்றுக்கு நேராக 'லே லோ', 'தே தோ' இருப்பது, எல்லாம் நமக்குப் பழகிய கட்டமைப்பு.

உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது? செமஸ்டர் நடக்கும் 16 வாரத்தில் வாரம் 10 மணி என்றால் 160. ஆறு செமஸ்டருக்கு 960. இரண்டு கோடை விடுமுறைகளில் தலா ஆறு வாரம், வாரம் 30 மணி என்றால் இன்னொரு 360. மொத்தம் 1320 மணி. மூன்றாண்டுப் பட்டத்துக்குள் இரு மொழியும் அடங்கிவிடும். ஆனால் கோடையை விட்டுவிட்டால் அடங்காது. செமஸ்டர் நேரத்தில் மொழியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் முடியும். அது பெரிதாக வளர்வது விடுமுறையில்தான்.

வாரம் 10 மணியைப் பிரிக்கும் விதம்: திங்கள் முதல் வெள்ளி வரை காலை 45 நிமிடம், மாலை 45 நிமிடம். மீதி இரண்டரை மணி ஞாயிறு. லேப் உள்ள பாடம் எடுத்தவர்கள் 7 மணிக்குக் குறைத்துக்கொண்டு கோடையில் ஈடுகட்டுங்கள். பேருந்தில் வந்து போகும் நேரத்தைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குலுங்கும் வண்டியில் நஸ்தலீக் என்ற உருது எழுத்து வடிவத்தின் புள்ளிகளை எண்ண முயல்வது கண்ணுக்குக் கேடு.

கல்லூரிச் சேர்க்கையின்போது

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகப் பட்டங்களில் பகுதி ஒன்று மொழிப்பாடம், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். பகுதி ஒன்றில் தமிழுக்குப் பதில் கல்லூரியில் கிடைக்கும் வேறு மொழியை எடுக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துக் கல்லூரிகளில் உருதுவும் இருக்கும். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இல் தொடங்கியது.

புதிதாகத் தொடங்குபவர் பகுதி ஒன்றில் உருது எடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அந்தத் தாள் பள்ளியில் ஆண்டுக்கணக்காக உருது படித்தவருக்கானது. முதல் செமஸ்டரிலேயே கஜலும் உரைநடையும் வரும். அலிஃப் பே என்று உருது அரிச்சுவடி கற்றுத்தர அங்கே யாருக்கும் நேரம் கிடையாது. இந்தித் தாள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சேர்வதற்கு முன் போன ஆண்டு வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். முதல் பக்கத்தைத் தட்டுத்தடுமாறியாவது வாசிக்க முடிந்தால் எடுக்கலாம். முடியாவிட்டால் தமிழையே எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு இந்தியை வெளியே படியுங்கள்.

இன்னொன்று பலருக்குக் கடைசியில்தான் தெரிகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டுப் பகுதி ஒன்றில் வேறு மொழி எடுப்பவர், பகுதி நான்கு என்ற கூடுதல் பகுதியில் சிறப்புத் தமிழ்த் தாள்கள் இரண்டு எழுத வேண்டும். தமிழே படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ். 'தமிழிலிருந்து தப்பித்தேன்' என்று நினைத்தவர்கள் இங்கே மாட்டுகிறார்கள்.

சித்தூர், நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் நிலை வேறு. ஆந்திரப் பள்ளிகளில் மும்மொழி என்பதால் தேவநாகரி ஏற்கனவே தெரியும், பேச்சுதான் வராது. அவர்கள் கீழே சொல்லும் எழுத்து வாரங்களைத் தாண்டி நேரே வினைச்சொல்லுக்குப் போகலாம். ஆந்திரத்தில் 2022 முதல் உருது மாநிலத்தின் இரண்டாவது ஆட்சிமொழி. கர்னூலில் டாக்டர் அப்துல் ஹக் உருது பல்கலைக்கழகம் 2016 முதல் இருக்கிறது. ஐதராபாத்தில் மௌலானா ஆசாத் தேசிய உருது பல்கலைக்கழகம் 1998 முதல். அங்கே பயிற்றுமொழியே உருது என்பதால், உருது படித்ததற்கான சான்று கேட்பார்கள். இரண்டும் மேற்படிப்புக்கு நினைவில் வைக்க வேண்டியவை. தொடங்குவதற்கான இடங்கள் அல்ல.

சான்றிதழுக்கு எங்கே பதிவது

இந்திக்கு நமக்குக் கைக்கெட்டுவது 1918-இல் காந்தி முயற்சியால் சென்னையில் தொடங்கிய தட்சிண பாரத இந்தி பிரசார சபாவின் தேர்வுகள். பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேசிகா, விசாரத் பூர்வார்த், விசாரத் உத்தரார்த், பிரவீண் பூர்வார்த், பிரவீண் உத்தரார்த் என்று எட்டுப் படி. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். ஒரு முறைக்கு ஒரு படி என்று ஏறினால் மூன்றாண்டில் ஆறு படி. பட்டம் முடியும்போது விசாரதும் முடியும், பிரவீணுக்கு இன்னும் ஓராண்டு. பள்ளியிலேயே இரண்டு மூன்று படி முடித்துவிட்டு வருபவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் சாதகம். எந்தப் படியில் நேரடியாக நுழையலாம் என்பதை உங்கள் ஊரில் சபா தேர்வுக்குப் பயிற்றும் பிரசாரக்கிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். விண்ணப்பமும் பெரும்பாலும் அவர் வழியாகத்தான் போகும். தேர்வுக்கு நெடுநாள் முன்பே விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். பிப்ரவரித் தேர்வுக்குப் பொங்கல் கழித்துக் கேட்டுப் போனால் 'ஆகஸ்ட்ல பாத்துக்கலாம்' என்ற பதில்தான் வரும்.

இந்தத் தேதிகள் கல்லூரி மாணவருக்கு நல்ல பொருத்தம். செமஸ்டர் தேர்வு நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மேயிலும். சபா தேர்வு இரண்டுக்கும் நடுவே விழுகிறது. உள்மதிப்பீட்டுத் தேர்வு மட்டும் சில சமயம் மோதும்.

உருதுவுக்கு இரண்டு வழி. தேசிய உருது மொழி மேம்பாட்டுக் கழகம் ஓராண்டு உருது டிப்ளமோவை இந்தி வழியாகவும் ஆங்கிலம் வழியாகவும் கற்பிக்கிறது. இந்தி வழியை எடுங்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மற்றது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆறு மாதச் சான்றிதழ். சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும், பருவத் தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பர்த் தேர்வு உங்கள் செமஸ்டரோடு நேராக மோதும். எனவே ஜனவரியில் சேர்ந்து ஜூனில் எழுதுவதே புத்தி. ஒப்படைப்புகளை நேரத்தில் கொடுக்காமல் தேர்வை மட்டும் எழுதினால் முடிவு முழுமையாகாது. தொலைநிலைப் படிப்பில் தவறுபவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று அனுமதித்தது. இரண்டும் நேரடி வகுப்பானால் நேரம் மோதக் கூடாது. ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை என்றும் வைத்துக்கொள்ளலாம். அதைக் காட்டிப் 'பி.காமோடு பி.ஏ. இந்தியும் சேர்ந்துவிடு' என்று சொல்லும் ஆலோசகர்கள் பேருந்து நிலையத்துக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சட்டப்படி முடியும். ஆனால் இரண்டாவது பட்டத்தின் பெரும்பகுதி இலக்கிய வரலாறும் கோட்பாடும். பேசவும் எழுதவும் மொழி வேண்டும் என்பவருக்கு அந்த மணி நேரம் வீண். சான்றிதழும் டிப்ளமோவும் போதும். மத்திய அரசின் இந்தி மொழிபெயர்ப்பாளர் வேலைதான் இலக்கு என்றால் கதை வேறு: அங்கே முதுகலை கேட்பார்கள், பட்டத்தில் இந்தியும் ஆங்கிலமும் எந்த அளவில் பாடமாக இருந்தன என்றும் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் பகுதி ஒன்றில் இந்தியை எடுத்தே ஆக வேண்டும்.

முதல் பதினாறு வாரம்: இந்தி மட்டும்

இரண்டு எழுத்தையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். ஆர்வம் மிகுந்தவர்கள் செய்யும் முதல் தவறு இது. தேவநாகரி முதலில் வர வேண்டியதற்கு எளிய காரணம், அதில் உயிரொலி எல்லாம் எழுதப்படும். உருதுவில் குறில் எழுதப்படாது. 'இந்த' என்று பொருள்படும் 'இஸ்', 'அந்த' என்று பொருள்படும் 'உஸ்' இரண்டும் உருதுவில் ஒரே மாதிரி, அலிஃபும் ஸீனும். 'நான்' என்ற 'மைன்', 'இல்' என்ற 'மேன்' இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டு. மொழி தெரிந்தவருக்கே அந்த எழுத்து வாசிக்க வரும். வீட்டில் உருது பேசும், மதரஸாவில் எழுத்துப் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் வரிசையைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் மூன்று வாரம் தேவநாகரி. உயிர் 11, மெய் 33. நாளுக்கு ஐந்தெழுத்து என்றால் ஒன்பது நாளில் முடியும். மீதி நாள் மாத்திரை எனப்படும் உயிர்க்குறிகளுக்கும் கூட்டெழுத்துக்கும். எழுத்து சுலபம், ஒலிதான் சங்கடம். நம் 'ப' ஒன்றுக்கு அங்கே நான்கு: p, ph, b, bh. தமிழில் 'பால்' என்று எழுதினால் முதல் ப பாய்மரத் துணி, இரண்டாம் ப கலப்பைக் கொழு, மூன்றாம் ப தலைமுடி, நான்காம் ப நெற்றி. நமக்கு நான்குமே ஆவின் பாக்கெட்! உள்ளங்கை அளவு மெல்லிய தாள் ஒன்றை உதட்டுக்கு நான்கு விரல் தள்ளிப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் தாள் அசைய வேண்டும், முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் அசையக் கூடாது. நாளுக்குப் பத்து நிமிடம், மூன்று வாரம். இதைத் தாண்டிவிட்டுப் பின்னால் திருத்த முயன்றால் ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இரண்டாவது ஒலிச் சிக்கல் நாம் அறியாமலே செய்வது. தமிழில் சொல்லின் நடுவே வரும் தனி 'க', 'த', 'ப' மெலிந்து ஒலிக்கும். அந்தப் பழக்கத்தில் 'போகிறான்' என்ற 'ஜாதா'வை மெலித்துச் சொன்னால், 'அதிகம்' என்று பொருள்படும் 'ஸ்யாதா'வுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இந்தியில் நடு 'த'வை 'பத்து' என்பதில் வரும் த்த போல அழுத்தி, ஆனால் இரட்டிக்காமல் சொல்ல வேண்டும்.

நான்காம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம் வரை வினையும் பெயர்ச்சொல் பாலும். நாளுக்குப் பத்துச் சொல், 50 நாளில் 500. ஒவ்வொரு பெயரையும் ஓர் அடைமொழியோடு சேர்த்தே எழுதுங்கள்: 'அச்சா மகான்', 'அச்சீ கிதாப்'. வீடு ஆண்பால், புத்தகம் பெண்பால் என்று தனியே மனப்பாடம் செய்தால் நிற்காது. நமக்கு அஃறிணைக்கு ஆணேது, பெண்ணேது? 'ஈ'யில் முடிந்தால் பெண்பால் என்ற விதி 'ரோட்டீ'க்குச் சரி. 'பானீ', 'கீ', 'தஹீ', 'மோதீ' நான்கும் ஆண்பால். தண்ணீர், நெய், தயிர், முத்து என்று சமையலறையில் மூன்றும் நகைப்பெட்டியில் ஒன்றுமாக நினைவில் வையுங்கள்.

அடுத்தது 'னே'. இறந்தகாலத்தில் செயப்படுபொருள் குன்றா வினை வந்தால் எழுவாயோடு 'னே' ஒட்டும், வினை செயப்படுபொருளின் பாலைப் பின்பற்றும். 'மைனே ரோட்டீ காயீ', 'மைனே ஆம் காயா'. சொல்பவர் ஆணா பெண்ணா என்பது இங்கே பொருட்டில்லை. 'லானா', 'பூல்னா', 'போல்னா' மூன்றும் விதிவிலக்கு. தமிழ் மூளை 'நான் சாப்பிட்டேன்' என்று நானையே பிடித்துத் தொங்கும். ஒரு வாரம் முழுக்க, முந்தின நாள் செய்ததைப் பத்து வாக்கியத்தில் எழுதித் திருத்தி வாங்கினால் விட்டுவிடும்.

தெரிந்த சொல் என்று நம்பி ஏமாறும் இடமும் உண்டு. இந்தியில் 'உபன்யாஸ்' என்றால் நாவல், 'சம்சார்' என்றால் உலகம், 'அவசர்' என்றால் வாய்ப்பு, 'சிக்ஷா' என்றால் கல்வி, 'ஆலோசனா' என்றால் விமர்சனம், 'அபிமான்' என்றால் செருக்கு. 'என் சம்சாரம் ஊரில் இருக்கிறாள்' என்று அப்படியே மொழிபெயர்த்தால் கேட்பவர் திகைப்பார்.

பதினோராம் வாரத்திலிருந்து சபா பாடப்புத்தகம். ஒரு எச்சரிக்கை: டியூஷன்களில் கேள்வி பதிலை உருப்போட வைத்துத் தேர்ச்சி பெறச் செய்வது வழக்கம். அப்படி விசாரத் முடித்தவர் டெல்லி ரயில் நிலையத்தில் பிளாட்பாரம் கேட்கத் திணறுவார். பதிலை மனப்பாடம் செய்வதற்கு முன் அதே பதிலைப் புத்தகத்தை மூடிவிட்டு, தப்பும் தவறுமாக உங்கள் சொற்களில் இரண்டு நிமிடம் பேசிக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். மறுநாள் கேட்டால் தவறு தானே காதில் உறைக்கும்.

பதினேழாம் வாரம்: அலிஃப் பே

ஆறு வாரம் ஒதுக்குங்கள். எழுத்தின் எண்ணிக்கை பயமுறுத்தும், ஆனால் அடிப்படை உருவங்கள் குறைவு, புள்ளிதான் மாறும். ஒரே படகு வடிவம்: கீழே ஒரு புள்ளி வைத்தால் b ஒலிக்குரிய பே, கீழே மூன்று என்றால் p ஒலிக்குரிய பே, மேலே இரண்டு தே, மேலே மூன்று ஸே, மேலே சிறிய தோய் குறி வைத்தால் டே. நாளுக்கு ஒரு வடிவம், அதன் புள்ளி வகைகளோடு.

பிறகு இணைப்பு. அலிஃப், தால், ரே, வாவ் குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது எழுத்துகள் தமக்கு இடப்பக்கம் இருப்பதோடு சேராது. மற்றவை எல்லாம் கை கோக்கும். சொல் நடுவே இடைவெளி தெரிந்தால் அது புதுச் சொல்லா, இந்த ஒன்பதில் ஒன்றா என்று பார்க்கப் பழகுவதே வாசிப்பின் பாதி. நஸ்தலீக் எழுத்து வலப்பக்கம் மேலிருந்து இடப்பக்கம் கீழாகச் சரியும். கோடு போட்ட நோட்டில் எழுதினால் வராது. பட்டை முனைப் பேனாவால் கோடில்லாத தாளில், முதலில் இரண்டு அங்குல உயரத்தில் எழுதுங்கள். கைபேசியில் வரும் எழுத்து பல நேரம் நஸ்க் என்ற வேறு வடிவம். அதில் மட்டும் பழகினால் அச்சிட்ட புத்தகம் வேறு மொழிபோலத் தெரியும். நோட்டோ நஸ்தலீக் எழுத்துருவை நிறுவிக்கொள்ளுங்கள். இலக்கங்கள் மட்டும் இடமிருந்து வலம் போகும்.

எழுத்துக்கூட்டுதான் அடுத்த தலைவலி. 'ஸ' ஒலிக்கு ஸே, ஸீன், ஸுவாத் என்று மூன்று. நாம் 'ஜ' என்று கொள்ளும் மெல்லொலிக்கு ஜால், ஜே, ஜுவாத், ஜோய் என்று நான்கு. எந்தச் சொல்லுக்கு எது? இங்கேதான் நம் தாலுகா ஆபீஸ் தமிழ் கைகொடுக்கிறது. ஜில்லா, ஜாமீன், ஜப்தி, ஆஜர், ராஜி, ஜரூர்: ஆறும் ஜுவாத். ஜமீன் மட்டும் ஜே. அசல், வசூல், மகசூல், பைசல்: ஸுவாத். வாரிசு, மிராசு: ஸே. பாக்கியும் நகலும் தொண்டைக்குள்ளிருந்து வரும் காஃப். வக்கீல் சாதாரணக் காஃப். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் காத்திருக்கும் நேரத்தில் பலகைகளைப் பார்த்து இன்னும் இருபது சொல் சேர்த்துவிடலாம். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் வீட்டில் இருந்தால் அதுவே நல்ல பாடநூல்.

வாசிப்புப் பயிற்சிக்கு ரேக்தா இணையதளம் உதவும். ஒரே கஜலை உருது எழுத்திலும் தேவநாகரியிலும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். முதலில் உருதுவில் முயன்று, தடுக்கிய இடத்தில் மட்டும் தேவநாகரிக்குப் போங்கள். எதிர்த்திசையில் செய்தால் கண் ஏமாற்றும், எழுத்து ஒருநாளும் வராது. அகராதிக்கு 1884-இல் ஜான் பிளாட்ஸ் தொகுத்தது இன்னும் நிகரற்றது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசம். உருதுச் சொல், இந்திச் சொல் இரண்டும் ஒரே வரிசையில் வருவதால் இருமொழி படிப்பவருக்கு அது ஒன்றே போதும். சொற்பொருள் பழையது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

தெருப் பேச்சு: எதை எடுப்பது, எதை விடுவது

முதலில் சொன்ன பொறி இதுதான். ஆம்பூர் பஜாரில் கேட்பது தக்கினி. அது தவறான உருது அல்ல. பல நூற்றாண்டு வரலாறும் இலக்கியமும் உள்ள தென்னாட்டு மொழி. ஆனால் தேர்வில் கேட்பது அதுவல்ல. தக்கினியில் 'மேரெகு நக்கோ' என்றால் எனக்கு வேண்டாம்; பொதுவழக்கில் 'முஜே நஹீன் சாஹியே'. 'கைகு' என்பது 'க்யோன்'. 'ஹௌ' என்பது 'ஹான்'. பன்மைக்கு 'கிதாபான்', 'லோகான்' என்று 'ஆன்' சேர்ப்பார்கள். பொதுவழக்கில் 'கிதாபேன்', 'லோக்'. 'னே' பெரும்பாலும் இருக்காது. 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதை 'ஆதூன் போல்கே போலா' என்பார்கள். நம் 'என்று', தெலுங்கின் 'அனி' போட்ட அச்சு அது. பொதுவழக்கில் 'உஸ்னே கஹா கி' என்று தொடங்கி 'கி'க்குப் பிறகு செய்தி வரும். தமிழருக்குத் தக்கினி தேனாக இனிப்பது இதனால்தான், எழுத்துத் தேர்வில் கவிழ்ப்பதும் இதனால்தான்.

வேலூர் காந்தி ரோட்டு இந்திக்கு இன்னொரு குறை. அங்கே இந்தி பேசுபவரில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி வங்காளி. வங்காளியில் இலக்கணப் பால் கிடையாது. ஆகவே அவர்கள் இந்தியிலும் ஆண்பால் பெண்பால் நழுவும். அதைக் கேட்டு நீங்கள் பால் கற்றால் குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதை.

அப்படியானால் தெருவே வேண்டாமா? வேண்டும். வேகம், காது, கூச்சம் போவது, எண்களும் விலையும் தயங்காமல் வாயில் வருவது, எல்லாம் தெருவில்தான் கிடைக்கும். இலக்கணத்தை மட்டும் புத்தகத்திலிருந்து எடுங்கள். நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கேட்டதை எழுதி, வலப்பக்கம் அதன் பொதுவழக்கை எழுதி வாரம் ஒருமுறை ஆசிரியரிடம் காட்டுங்கள். மருத்துவமனை வாசலில் பேச்சுப் பழகுபவருக்கு ஒரு வார்த்தை: நோயாளியும் உடன் வந்தவரும் பயிற்சிப் பொருள் அல்லர். வழி காட்டலாம், பலகை படித்துச் சொல்லலாம். நோய் விவரத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. மருந்துச் சீட்டை அரைகுறை இந்தியில் மொழிபெயர்க்கவே கூடாது.

இரண்டாம் ஆண்டு முதல்

இரு மொழியும் இங்கே பிரியத் தொடங்கும். ஆகாசவாணியின் இந்திச் செய்தியையும் உருதுச் செய்தியையும் ஒரே நாளில் கேட்டு, ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டிலும் வரும் சொற்களை ஜோடியாக எழுதுங்கள். பிரதமர் இந்தியில் 'பிரதான்மந்த்ரீ', உருதுவில் 'வஸீரே ஆஸம்'. தேர்தல் 'சுனாவ்', 'இந்திகாப்'. கல்வி 'சிக்ஷா', 'தாலீம்'. வாரம் 15 ஜோடி போதும். இதைச் செய்யாதவர்கள் இந்தித் தாளில் 'தாலீம்' எழுதியும் உருதுத் தாளில் 'சிக்ஷா' எழுதியும் மதிப்பெண் இழக்கிறார்கள்.

உங்கள் முதன்மைப் பாடத்தையும் மொழிக்குள் இழுத்து வாருங்கள். டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினில் நடத்திய இந்தி உருது ஃப்ளாக்‌ஷிப் திட்டத்தின் அடிப்படையே இதுதான்: மாணவர் எந்தத் துறை படித்தாலும் அந்தத் துறையைப் பற்றி இரு மொழியிலும் பேசும் அளவுக்கு வர வேண்டும். பி.காம். மாணவர் மாதம் ஒருமுறை ஒரு வரவு செலவுக் கணக்கை இந்தியில் ஐந்து நிமிடம் விளக்கட்டும். தோல் தொழில் பக்கம் போகிறவருக்குக் கான்பூர், ஆக்ரா வியாபாரிகளோடு பேச வேண்டியிருக்கும். பதனிடுதல், தரம், தவணை, திருப்பி அனுப்புதல் பற்றிய சொற்களை இப்போதே சேர்க்கட்டும்.

வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போகவிடாதீர்கள். சபா தேர்வு நாளுக்கு முன்கூட்டியே துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி நகல் வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் தேர்வு மாதத்தில் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். நாளுக்கு 20 நிமிடம், பாதி கேட்பது, பாதி உருது எழுத்தை வாசிப்பது. நிறுத்தினால் முதலில் மறப்பது உருது எழுத்துதான், மூன்றே வாரத்தில் கண் தடுமாறும். இந்தி அவ்வளவு சீக்கிரம் போகாது.

கோடை ஆறு வாரத்தை வீட்டில் கழிப்பதானால் வாரம் 30 மணியை நாளுக்கு ஐந்து மணியாகப் பிரியுங்கள்: இரண்டு மணி இலக்கணமும் எழுத்தும், ஒரு மணி வாசிப்பு, ஒரு மணி கேட்பது, ஒரு மணி யாரோடாவது பேச்சு. ஞாயிறு ஓய்வு. வெளியூர் போக முடிந்தால் முதல் கோடைக்கு ஐதராபாத் வேண்டாம், அங்கும் தக்கினிதான். இந்திக்கு டெல்லி, ஆக்ரா, உருதுவுக்கு லக்னோ. காட்பாடியிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸ் சித்தூர், திருப்பதி வழியாக நேரே புதுடெல்லி போகிறது. ஸ்லீப்பரில் போங்கள். நாக்பூர் தாண்டியதும் ஏறுகிறவர்களுக்கு இந்தி தாய்மொழி. அங்கிருந்து டெல்லி வரை பால் தவறாத பேச்சு இலவசம். ஏறும்போது ஒரு டப்பா மக்கன் பேடா கையில் இருந்தால் பேச்சைத் தொடங்குவது சுலபம்.